படங்கள் ஏன் பிந்துகின்றன?

கோடைகாலத் திருமணங்கள் முடிந்து, மணவறைகள் கழற்றப்பட்டு, வேற்று நாடுகளிலிருந்து வந்த உறவினர்களும் விமானமேறிச் சென்ற பின்னர் எம்மவர் இல்லங்களில் தவறாது எழும் கேள்வி ஒன்றுண்டு. "படங்கள் வந்துவிட்டனவா?" என்பதே அது. முதலில் மணமக்கள் கேட்பர். அடுத்துப் பெற்றோர் கேட்பர். விசா மறுக்கப்பட்டதால் வர இயலாதுபோன அம்மம்மா ஊரிலிருந்து தொலைபேசியிற் கேட்பார். மூன்றாவது மாதமளவில் கேள்வியின் தொனி மாறிவிடும். முற்பணம் வாங்கும்போது இருந்த சுறுசுறுப்பு இப்போது எங்கே போயிற்று என்று படப்பிடிப்பாளரைக் குறைகூறாத குடும்பம் எம்மிடையே அரிது.

கைத்தொலைபேசி எல்லோர் கையிலும் வந்துவிட்ட பின்னர் இக்குறை மேலும் கூர்மையடைந்துள்ளது. மண்டபத்தின் பின்வரிசையில் இருந்த மருமகன் எடுத்த படம், கெட்டிமேளம் ஓயுமுன்னரே பருத்தித்துறைக்கும் ரொறன்ரோவுக்கும் போய்ச் சேர்ந்துவிடுகின்றது. பெருந்தொகை கொடுத்து அமர்த்தியவரின் படம் மட்டும் ஏன் மாதக்கணக்கிற் பிந்த வேண்டும்? கேள்வி நியாயமானதே. விடையில் படப்பிடிப்பாளருக்கும் பங்குண்டு, எமக்கும் பங்குண்டு. ஆதலால் இவ்வாரம் அதனைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

முதலில் ஒரு கணக்கு. காலையில் மாப்பிள்ளைக்குத் தலைப்பாகை வைப்பதில் தொடங்கி இரவு வரவேற்பு விருந்து முடியும்வரை படப்பிடிப்பாளர் ஒருவர் 3000 படங்கள் எடுக்கின்றார் என்று வைத்துக்கொள்வோம். டிஜிட்டல் கமெராவின் காலத்தில் இது மிகையான எண்ணன்று. ஒரு படத்தைப் பார்த்து, வைப்பதா விடுவதா என முடிவு செய்ய 5 விநாடி போதும் என்று கொண்டால், 3000 படங்களுக்கு 15,000 விநாடி. அதாவது 4 மணி 10 நிமிடம். இம்முதற் சுற்றில் 1200 படங்கள் எஞ்சுகின்றன எனின், இரண்டாம் சுற்றுக்கு மேலும் 1 மணி 40 நிமிடம் செல்லும். ஈற்றில் 600 படங்கள் தேறுகின்றன. அவை ஒவ்வொன்றின் ஒளியையும் நிறத்தையும் சீர்செய்ய 3 நிமிடம் வீதம் 30 மணித்தியாலம். அல்பத்தின் முழுப்பக்கத்தை நிரப்பக்கூடிய 40 படங்களை நுணுக்கமாகத் திருத்த, படமொன்றுக்கு 20 நிமிடம் வீதம் 13 மணி 20 நிமிடம். யாவற்றையும் கூட்டினால் 49 மணி 10 நிமிடம் வருகின்றது. பக்கங்களை அமைக்கும் வேலையையும், அச்சகத்துக்கு அனுப்பிப் பெறும் நாட்களையும் நாம் இன்னும் சேர்க்கவில்லை.

எம்மிடையே இத்தொழில் செய்வோரிற் பலருக்கு இது இரண்டாவது வேலை என்பதை மறத்தலாகாது. பகலில் உணவகத்திலோ தொழிற்சாலையிலோ நின்றுவிட்டு, பிள்ளைகள் உறங்கிய பின்னர்தான் அவர்கள் கணினியின் முன் அமர்கின்றனர். இரவொன்றுக்கு 3 மணித்தியாலம் ஒதுக்கினால் ஒரு திருமணத்துக்கு 17 இரவுகள் வேண்டும். பாடசாலை விடுமுறைக்காலமாகிய 8 கிழமைகளில், வார இறுதிக்கு இரண்டு விழாக்களாக 16 விழாக்களை ஒருவர் ஒப்புக்கொண்டால் 272 இரவுகள். ஏறத்தாழ 9 மாதங்கள்! ஆவணியில் நடந்த சாமத்தியச் சடங்கின் படங்கள் சித்திரையிற் கைக்கு வருவதன் இரகசியம் இவ்வளவுதான். அவர் சோம்பேறியல்லர். ஆனால் தம்மால் முடிந்ததற்கு மேலாக ஒப்புக்கொண்டவர். நாட்குறித்துக் கொடுக்கும்போதே இக்கணக்கை வெளிப்படையாகச் சொல்லியிருப்பின் ஒருவருக்கும் மனக்கசப்பு வந்திராது என்பது எமது எண்ணம்.

முன்னைய நாட்களில் இவ்வாறில்லையே என்று மூத்தோர் கூறக்கூடும். உண்மைதான். பிலிம் றோல் ஒன்றில் 36 படங்கள். ஒரு திருமணத்துக்குப் பத்து றோல் என்றாலும் 360 படங்களே. ஒவ்வொரு முறை பொத்தானை அழுத்தும்போதும் பிலிமுக்கும் கழுவுவதற்கும் கடதாசிக்கும் காசு கரைந்தது. ஆகையால் தெரிவு என்பது கமெராவைக் கண்ணில் வைக்குமுன்னரே பாதி முடிந்துவிடும். ஊரிலிருந்த ஸ்ரூடியோக்களில் கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்து, "அசையாதேயுங்கோ" என்று சொல்லி ஒரேயொரு படம் எடுத்தவருக்குப் பொறுக்குவதற்கு என்ன இருந்தது? கூரிய பென்சிலால் நெகற்றிவின்மீது முகத்தின் வடுக்களை நிரவும் பொறுமை மட்டுமே அவருக்கு வேண்டியிருந்தது. இன்றைக்குப் பொத்தானை அழுத்துவதற்குச் செலவில்லை. செலவு முழுவதும் பின்னிரவுகளுக்கு மாறிவிட்டது.

கைத்தொலைபேசிப் படம் மட்டும் எவ்வாறு உடனே அழகாக வருகின்றது என்பதற்கும் விடையுண்டு. ஒளியையும் நிறத்தையும் அத்தொலைபேசியே கண நேரத்தில் தீர்மானித்து, ஆக்கிய சோறாகத் தந்துவிடுகின்றது. தொழில்முறையாளர் பயன்படுத்தும் 'ரோ' எனப்படும் மூலக்கோப்பு அரிசி போன்றது. அதைக் களைந்து உலையேற்றும் வேலை அவருடையது. எம்மவரின் மண்டபங்களில் அவ்வேலை இலகுவானதன்று. மணவறையில் மஞ்சள் மின்குமிழ், யன்னல் வழியே நீலச்சாயல் கொண்ட பகல்வெளிச்சம், வீடியோக்காரரின் வெண்விளக்கு, பின்சுவரில் மண்டபக்காரர் பூட்டிய ஊதா விளக்கு என நான்கு நிறங்கள் ஒரே முகத்தில் விழுகின்றன. ஓமப்புகை வேறு. கூறைச்சேலையின் சிவப்பைச் சரிசெய்தால் ஐயரின் வெள்ளை வேட்டி பச்சையாகின்றது. வேட்டியைச் சரிசெய்தால் தாலிக்கொடி பித்தளையாகின்றது.

இவ்விடத்தில் மற்றொன்றையும் சொல்ல வேண்டும். பிலிம் காலத்தில் கொடாக் நிறுவனம் அச்சுக்கூடங்களுக்கு நிறச்சரிபார்ப்பு அட்டைகளை வழங்கியது. நெடுங்காலமாக அவற்றில் இருந்தது வெள்ளைத்தோற் பெண்ணொருவரின் படமே. 'ஷேர்லி அட்டை' என்பது அதன் பெயர். அத்தோலுக்குப் பொருந்துமாறு சரிபார்க்கப்பட்ட அச்சில் எமது கபில முகங்கள் கருகிப்போய், கண்ணும் பல்லும் மட்டும் தெரிவதுண்டு. இக்குறை பின்னாளிற் பெருமளவு நீங்கிவிட்டது. ஆனால் இப்போது நாமே மறுபுறத்துக்குப் போய், "பிள்ளையைக் கொஞ்சம் வெள்ளையாக்கிவிடுங்கோ" என்று படப்பிடிப்பாளரிடம் கேட்கின்றோம். 600 படங்களிலும் ஒரு முகத்தை வெளுப்பதற்கு எத்தனை இரவுகள் செல்லும் என்பது ஒருபுறமிருக்க, மணமகள் வெளுத்து நிற்க அருகில் தாயார் தம் இயற்கை நிறத்தில் நிற்கும் படங்களைப் பார்க்கும்போது எமக்குச் சிரிப்பு வருவதில்லை. இவ்வேலைக்காகப் படங்கள் பிந்துமெனின் அப்பிந்தலை நாம் சிறிதும் ஆதரிக்கமாட்டோம்.

ஆயினும் முழு வேலையிலும் கடினமானது நிறமன்று, தெரிவு. முன்னர் போட்ட கணக்கில் அதற்கு 6 மணித்தியாலத்துக்குக் குறைவாகவே ஒதுக்கினோம். உண்மையில் அது கணக்கிற்குள் அடங்குவதன்று. மங்கிய படத்தைத் தள்ளுவதற்கு 5 விநாடி தேவையில்லை. நன்றாக வந்த ஐந்தில் ஒன்றை வைத்து நான்கைத் தள்ளுவதற்குச் சிலவேளை ஐந்து நிமிடமும் போதாது.

இது கலியாணவீட்டுப் படங்களுக்கு மட்டும் உரிய இடரன்று. உலகறிந்த படப்பிடிப்பாளர்களும் இதில் ஆண்டுக்கணக்கைச் செலவிட்டுள்ளனர். சுவிற்சர்லாந்தின் சூரிச் நகரிற் பிறந்து 1947இல் அமெரிக்கா சென்ற ரொபேர்ட் பிராங்க், 1955ஆம் ஆண்டு தொடங்கி அந்நாடெங்கும் காரிற் சுற்றிப் படமெடுத்தார். 767 றோல்கள், 27,000இற்கும் மேற்பட்ட படங்கள். அவற்றிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்டவற்றை அச்சிட்டு வைத்துக்கொண்டு, பொறுக்குவதிலும் வரிசைப்படுத்துவதிலும் ஓராண்டளவைக் கழித்தார். 1958இல் பாரிசிலும் 1959இல் அமெரிக்காவிலும் வெளிவந்த அவருடைய 'அமெரிக்கர்கள்' என்ற நூலில் இருப்பவை 83 படங்களே. ஏறத்தாழ 325 படங்களுக்கு ஒன்று. நியூயோர்க் நகரத் தெருக்களைப் படமெடுத்த கரி வினோகிராண்ட் என்பவரோ, எடுத்த பிலிமை ஓராண்டோ அதற்கு மேலோ கழுவாமலே வைத்திருப்பாராம். எடுத்த வேளையில் இருந்த மகிழ்ச்சி மனதில் இருக்கும்வரை நல்ல படம் எது, கூடாதது எது என்று தெரியாது என்பது அவர் கொள்கை. கொள்கை நல்லதுதான். ஆனால் 1984இல் அவர் காலமானபோது கழுவப்படாத றோல்கள் மட்டும் 2500 அளவில் எஞ்சியிருந்தன. எம்மவர் யாரும் இவரிடம் திருமணத்தை ஒப்படைத்திருக்க மாட்டார்கள்!

இவர்களினும் எமக்கு நெருக்கமானவர் யோசெப் கூடெல்கா. அவரும் எம்மைப் போல் அகதியாக வாழ்ந்தவர். செக்கோசிலோவாக்கியாவில் விமானப் பொறியியலாளராயிருந்து, படப்பிடிப்பையே வாழ்வாக ஏற்றவர். 1968 ஓகஸ்ட் மாதத்தில் சோவியத் தலைமையிலான வார்சோ ஒப்பந்த நாடுகளின் படைகள் பிராக் நகருட் புகுந்தபோது அவருக்கு வயது 30. ருமேனியாவில் ரோமா மக்களைப் படமெடுத்துவிட்டு அப்போதுதான் ஊர் திரும்பியிருந்தார். டாங்கிகளுக்கும் மக்களுக்கும் நடுவே நின்று ஒரு வாரம் இடைவிடாது படமெடுத்தார். அப்படங்கள் இரகசியமாக நாட்டைவிட்டு வெளியே கொண்டு செல்லப்பட்டு, 'மக்னம்' என்ற படப்பிடிப்பாளர் அமைப்பின் வழியாக முதலாண்டு நிறைவின்போது, 1969இல், மேற்கு நாட்டுப் பத்திரிகைகளில் வெளிவந்தன. எடுத்தவரின் பெயர் அச்சிடப்படவில்லை. 'பிராக் படப்பிடிப்பாளர்' என்பதன் முதலெழுத்துகள் மட்டுமே இருந்தன. அவ்வாண்டு ரொபேர்ட் கப்பா தங்கப்பதக்கமும் பெயரில்லாத ஒருவருக்கே வழங்கப்பட்டது. 1970இல் நாட்டைவிட்டு வெளியேறி இங்கிலாந்தில் அவர் தஞ்சம் பெற்றார். ஆயினும் தந்தையார் உயிரோடிருக்கும்வரை வாய்திறக்கவில்லை. தந்தையார் காலமான பின்னர், 1984இல்தான் அப்படங்கள் தம்முடையவை என வெளியிட்டார். காரணத்தை எம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

தஞ்சம் பெற்ற ஆண்டுகளில் கூடெல்காவுக்கு நிலையான வீடில்லை. வெயிற்காலம் முழுவதும் ஐரோப்பாவெங்கும் அலைந்து படமெடுப்பார். குளிர்காலத்தில் ஓரிடத்தில் ஒதுங்கிப் பிலிம்களைக் கழுவி, எடுத்தவற்றைப் பார்த்துப் பொறுக்குவார். ஆண்டின் ஒரு பகுதியையே தெரிவுக்கு ஒதுக்கிய மனிதர் அவர். அவ்வலைச்சலின் படங்கள் 'எக்ஸைல்ஸ்' என்னும் பெயரில், நாடிழந்தோர் என்ற பொருள்பட, 1988இல் நூலாயின. பிராக் படங்களுக்கோ 40 ஆண்டுகள் சென்றன. 2008இல் அந்த ஒரு வாரத்தின் படங்களில் ஏறத்தாழ 250ஐ அவர் நூலாக வெளியிட்டபோது, அவற்றுட் பெரும்பாலானவை முன்னர் எங்கும் வெளிவராதவையாயிருந்தன. 1969இல் எவருக்கும் தேவைப்படாத படங்கள் 2008இல் தேவைப்பட்டன. நெகற்றிவ்கள் காக்கப்பட்டிருந்தமையால் எடுத்துத் தர முடிந்தது.

இங்குதான் கலியாணவீட்டுப் படங்களைப் பற்றிய எமது கவலை தொடங்குகின்றது. படங்கள் பிந்துவதையிட்டு நாம் முறையிடுகின்றோம். தள்ளப்படும் 2400 படங்கள் என்னவாகின்றன என்று எவரும் கேட்பதில்லை.

வேலையை விரைவாக்கவெனக் கணினி நிரல்கள் இப்போது வந்துள்ளன. 3000 படங்களையும் அவை தாமே பார்த்து, மங்கியவற்றையும் கண் மூடியவற்றையும் நிமிடக்கணக்கிற் பிரித்துவிடுகின்றன. படப்பிடிப்பாளர்களுக்கு இது பெரிய ஆறுதல், நாம் குறைகூறவில்லை. ஆனால் எமது சடங்குகளில் கண்ணை மூடுவோர் யார்? அறுகரிசி தூவும்போது ஒரு கணம் கண்மூடிப் பிள்ளைகளை வாழ்த்தும் பெரியவர். கன்னிகாதானத்தின்போது கண்ணீரை அடக்க இமைகளை இறுக்கிக்கொள்ளும் தந்தை. தாலி ஏறும் வேளையில் கைகூப்பி நிற்கும் பெரியம்மா. நிரலின் கணக்கில் இவை பழுதான படங்கள். நிரலை விடுங்கள்; மனிதரான படப்பிடிப்பாளருக்கும் அப்பெரியவர் யாரென்று தெரியாதே! மூன்றாம் வரிசையில் தனித்திருக்கும் முதியவர், மணமகனின் தந்தையை இந்நாட்டுக்கு அழைப்பித்து, முதல் ஆறு மாதம் தம் அறையில் வைத்திருந்தவர் என்பதைக் கமெரா அறியுமா? படம் அழகாயில்லை, ஆகவே தள்ளப்படுகின்றது.

எமது பத்திரிகையின் மரண அறிவித்தற் பக்கத்துக்கு வரும் படங்களைச் சற்று உற்றுப் பாருங்கள். அவற்றுட் பல, யாரோ ஒருவருடைய திருமணப் படத்திலிருந்து வெட்டி எடுக்கப்பட்டவை. தோளருகே வேறொருவரின் பட்டுச்சேலைக் கரை தெரியும். பின்னால் மணவறைத் தூணின் ஒரு துண்டு தெரியும். படத்துக்கென்று தனியே அமர்ந்திராத மனிதர்கள் அவர்கள். வாழ்நாளெல்லாம் பிறருடைய விழாவின் ஓரத்தில் நின்றே படத்தில் விழுந்தவர்கள். அந்த ஓரமும் தள்ளப்பட்டிருந்தால் அறிவித்தலில் இடுவதற்கு முகமே இருந்திராது.

ஊரில் இருந்த படங்களின் கதையை நாம் அறிவோம். 1995 ஒக்ரோபர் 30ஆம் நாள் இரவு வலிகாமத்தைவிட்டு நடந்தவர்கள் கைக்குழந்தையையும் ஓர் உடுப்புப் பையையும் தூக்கினார்களேயன்றிச் சுவரிலிருந்த படத்தைக் கழற்ற நேரமிருக்கவில்லை. 2009இல் வன்னியில் மிஞ்சியவையும் போயின. அப்பா, அம்மாவின் திருமணப் படம் இன்று எங்கே இருக்கின்றது என்று தேடினால், பல குடும்பங்களில் அது வெளிநாட்டுக்குக் கடிதத்தோடு அனுப்பப்பட்ட ஒரு பிரதியாகவே இருக்கும். அதனை அனுப்பியவர் நல்ல படமென்று பொறுக்கி அனுப்பவில்லை. கையில் இருந்ததை அனுப்பினார்.

ஆகவே படப்பிடிப்பாளரிடம் நாட்குறிக்கும்போதே சிலவற்றைப் பேசிக்கொள்வது நன்று. எத்தனை மாதத்தில் தருவீர்கள் என்று மட்டும் கேளாது, அந்த மாதத்தில் வேறெத்தனை விழாக்கள் ஒப்புக்கொண்டுள்ளீர்கள் என்றும் கேளுங்கள். விழா நாளில் குடும்பத்தை நன்கறிந்த ஒருவரை அவரருகே விடுங்கள். சித்தியோ மாமாவோ, "இவர் பெரியப்பா, இவரைத் தவறவிடாதேயுங்கோ" என்று காதிற் சொன்னாற் போதும். மேடையில் வரிசையாக நின்று மணமக்களோடு எடுக்கும் படங்கள் எப்படியும் வந்துவிடும். மேடை ஏற இயலாத முழங்கால்களைத்தான் தேடிப் போக வேண்டும்.

தள்ளிய படங்களை அழிக்குமுன்னர் அவற்றைச் சிறிய அளவிலேனும் வீட்டில் ஒரு மூத்தவருக்குக் காட்டும்படி கேட்கலாம். தம் பெயரில் மங்கிய படம் வெளியே போவதைப் படப்பிடிப்பாளர் விரும்பமாட்டார். அது அவருடைய தொழில்மானம். அல்பத்துக்கு வேண்டாம், அச்சிடவும் வேண்டாம், முகங்களை அடையாளங்காண மட்டுமே என்று விளக்கினால் மறுப்போர் குறைவு. இதனால் படங்கள் மேலும் ஒரு கிழமை பிந்தக்கூடும். பிந்தட்டும். மூலக்கோப்பொன்று 30 மெகாபைற் என்று கொண்டால் 3000 படங்களுக்கு 90 கிகாபைற். ஒரு ரெறாபைற் வன்தட்டில் இத்தகைய 11 திருமணங்கள் அடங்கும். விருந்தில் ஒரு மேசைக்கு ஆகும் செலவைவிட அவ்வன்தட்டின் விலை குறைவு. அதனை நாமே வாங்கிக் கொடுத்து, முழுவதையும் பிரதியெடுத்துத் தரும்படி கேட்பதில் தவறில்லை. இரண்டு வன்தட்டுகளாக வாங்கி, ஒன்றை வேறு வீட்டில் வைப்பது இன்னும் நன்று.

எமது பங்கு என்று தொடக்கத்தில் ஒன்று சொன்னோம். படப்பிடிப்பாளர் 600 படங்களையும் அனுப்பி, அல்பத்துக்கு 120 தெரிவு செய்யுங்கள் என்று எழுதிய நாளிலிருந்து எத்தனை மாதங்கள் எமது வீட்டிலேயே கழிகின்றன? பெண் பகுதியாருக்கு 40 பக்கம், மாப்பிள்ளை பகுதியாருக்கு 35 பக்கமா என்ற வழக்கு, கனடாவிலிருக்கும் மச்சாளின் படம் இடப்பக்கத்தில் வந்ததா வலப்பக்கத்தில் வந்ததா என்ற மனத்தாங்கல், இவற்றுக்கெல்லாம் படப்பிடிப்பாளர் பொறுப்பல்லர். முதற்குழந்தையின் முப்பத்தொன்று முடிந்த பின்னரும் கலியாண அல்பத்துக்குப் படம் தெரிவு செய்துகொண்டிருக்கும் வீடுகள் எம்மிடையே உண்டு.

ஊரிலிருக்கும் அம்மம்மாவுக்கு அல்பம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. படப்பிடிப்பாளர் முதற் சுற்றை முடித்தவுடன் பத்துப் படங்களை மட்டும் திருத்தி முற்கூட்டியே தரும்படி கேளுங்கள். அரை மணி நேர வேலைதான். அவற்றைத் தொலைபேசித் திரையிற் காட்டுவதோடு நில்லாது, கடதாசியில் அச்சிட்டு, யார் யார் நிற்கின்றனர் என்று பின்புறத்திற் பெயரெழுதி அஞ்சலில் அனுப்பிவிடுங்கள்.